கடவுள் செயலா, கம்பெனி செயலா?

(கடலில் எண்ணெய் கொட்டுவதைப் பற்றிச் சாகுபுரத்தில் செய்த சொற்பொழிவு)



கடலில் எண்ணெய் கொட்டுவதைப் பற்றியும், அதனால் மீனுக்கும் மனிதனுக்கும் வரும் கேட்டைப் பற்றியும் பேச வேண்டுமென்று நாம் கேட்டுக்கொள்ளப்பட்டிருக்கிறோம். இதைக் கேட்டதும் உங்களில் சிலருக்கு, "சாகுபுரத்துக்கும் எண்ணெய்க் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்? இது மீன்பிடிக்கிறவன் பாடு; ஆலையில் வேலை செய்கிறவனுக்கும் அளத்தில் உப்பு வாருகிறவனுக்கும் இதில் என்ன இருக்கிறது?" என்று தோன்றலாம். அப்படித் தோன்றுவது சகஜந்தான். ஆனால் ஒரு பக்கம் ஆறுமுகநேரி அளங்கள், மறுபக்கம் காயல்பட்டினமும் புன்னைக்காயலும், வடக்கே தூத்துக்குடித் துறைமுகம், இவ்வளவுக்கும் நடுவில் குடியிருந்துகொண்டு கடல் யாருடைய பாடு என்று கேட்பது, வீட்டுக் கிணற்றில் நஞ்சு விழுந்தால் அது தண்ணீர் இறைக்கிறவள் பாடு என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

நாம் சொல்ல வந்தது ஒரே விஷயந்தான். எங்கே கடலில் எண்ணெய் கொட்டினாலும் உடனே இரண்டு வார்த்தைகள் புறப்படுகின்றன. முதல் வார்த்தை "ஒன்றுமில்லை" என்பது. அது பலிக்காமல் எண்ணெய் கரைக்கு வந்து நாறத் தொடங்கியதும் இரண்டாவது வார்த்தை வருகிறது. "யார் என்ன செய்ய முடியும்? இயற்கையின் சீற்றம், கடவுள் செயல்" என்பதே அது. இந்த இரண்டு வார்த்தைகளின் மறைவில் நஷ்டம் செய்தவன் தப்பித்துக்கொள்கிறான். நஷ்டப்பட்டவன் வாளியைத் தூக்கிக்கொண்டு கரையில் நிற்கிறான். இவ்வார்த்தைகள் உண்மைதானா என்று ஆராய்ந்து பார்ப்பதே இன்றைய வேலை.

கடற்கட்டியின் மந்திரம்

இந்தக் கரைக்கு மந்திரம் புதிதல்ல. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கடற்கட்டி என்று ஒருவர் இருந்தார். சுறாவின் வாயைக் கட்டுவது அவருடைய உத்தியோகம். அவர் மந்திரம் சொல்லிக் கட்டினாலொழியக் குளிகாரர் நீரில் இறங்கமாட்டார்கள். வெள்ளைக்கார சர்க்காருக்கு அந்த மந்திரத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் குளிப்பு நின்றுபோனால் வருமானம் போய்விடுமே என்று, அவருக்குக் கூலி கிடைக்கும்படி ஏற்பாடு செய்து வைத்திருந்தது.

யோசித்துப் பாருங்கள். மந்திரத்தால் சுறாவுக்கு ஒன்றும் ஆகவில்லை; அதன் பல் அப்படியேதான் இருந்தது. குளிகாரனுடைய பயம் கட்டப்பட்டது, அவன் இறங்கினான், சலாபம் நடந்தது, பணம் போக வேண்டிய இடத்துக்குப் போயிற்று. உயிரைப் பணயம் வைத்து மூச்சடக்கிக் கல்லைக் கட்டி இறங்கியவனை நாம் பரிகசிக்க வரவில்லை. அவனுடைய பயத்தை வைத்துக் காரியம் பார்த்தவர்களைத்தான் சொல்லுகிறோம். இன்று கடற்கட்டி இல்லை. அவருடைய வேலையை வேறு பேர்வழிகள் பார்க்கிறார்கள். கப்பல் மோதிய அன்றே "எண்ணெய் எதுவும் கசியவில்லை" என்று ஓர் அறிக்கை வருகிறதே, அது என்ன? எண்ணெயின் வாயை அது கட்டுவதில்லை. நம் வாயைத்தான் கட்டுகிறது.

எண்ணெய் என்ன செய்கிறது?

எண்ணெய் கொட்டினால் என்ன நடக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாதவனிடத்தில்தான் மந்திரம் பலிக்கும்.

எண்ணெய் நீரில் கலக்காது, மிதக்கும் என்பது நமக்குத் தெரியும். மிதக்கிறதுதானே, அள்ளிவிடலாம் என்று நினைக்கிறோம். பெட்ரோல், டீசல் போன்ற லேசான எண்ணெயில் பெரும்பகுதி காற்றில் ஆவியாகிவிடும். ஆவியாகும்போது அருகிலிருப்பவனுக்குத் தலைவலியும் மயக்கமும் மூச்சுத்திணறலும் தரும். கப்பலின் இயந்திரத்துக்கு எரிக்கிற கனமான எண்ணெயோ ஆவியாகாது. அலை அதை நீரோடு சேர்த்துக் கடைந்து, கொட்டியதைவிடப் பருமனில் அதிகமான, கூழ்போன்ற கரிய சேறாக்கிவிடும். பின்பு அது தார் உருண்டையாகித் தொலைதூரக் கரையிலும் ஒதுங்கும். ஒரு பகுதி மணலோடு சேர்ந்து அடியில் படியும்.

பறவையின் இறகு, நீர் உள்ளே போகாமல் அதன் உடற்சூட்டைக் காக்கிறது. எண்ணெய் பட்டால் அந்தக் காப்புப் போய்விடுகிறது. பறவை அலகால் இறகைக் கோதிச் சுத்தம் செய்யப் பார்க்கிறது. அதனாலேயே நஞ்சை விழுங்குகிறது. ஆமை மூச்சுவிட மேலே வந்துதான் ஆக வேண்டும். மேலே வந்தால் எண்ணெய். அலையாத்தி மரத்தின் வேர்கள் சேற்றுக்கு மேலே தலைநீட்டி மூச்சுவிடுகின்றன. அவற்றில் எண்ணெய் அப்பினால் மரம் மூச்சடைத்துச் சாகிறது. பெரிய மீன் விலகி ஓடிவிடலாம். முட்டையும் குஞ்சும் எங்கே ஓடும்? சிப்பியும் ஆளியும் நீரை வடிகட்டி உண்பவை. எண்ணெய் நீரையும் அப்படியே வடிகட்டித் தம் உடம்பில் சேர்த்துக்கொள்கின்றன. பிழைத்த மீனையும் நண்டையும் யாரும் வாங்குவதில்லை. எண்ணெய் வாடை அடிக்கிறது என்ற பேச்சு ஒன்று போதும், எண்ணெய் படாத மீனும் கூடையிலேயே கிடந்து அழுகும்.

மருந்து தெளித்தால் எண்ணெய் மறைந்துவிடும் என்பார்கள். மருந்து எண்ணெயைச் சிறு துளிகளாக உடைத்து நீருக்குள் இறக்கும். ஆழ்கடலில் அதனால் நன்மை உண்டு. ஆழமில்லாத இடத்தில், பவளப்பாறையின்மேல், மேலே இருந்த கேட்டைக் கீழே அனுப்பியதாகத்தான் முடியும். 1967-ல் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் 'டோரி கான்யன்' என்ற கப்பல் பாறையில் மோதி லட்சம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் கொட்டியது. அப்போது கண்மண் தெரியாமல் தெளித்த மருந்தே கரையோர உயிர்களைப் பெரிதும் கொன்றது.

எண்ணூரில் "ஒன்றுமில்லை"

இனி நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 2017 ஜனவரி 28-ந் தேதி விடியற்காலையில், எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியே போன 'பி.டபிள்யூ. மேப்பிள்'. மற்றொன்று எண்ணெய்ச் சரக்கோடு உள்ளே வந்த 'டான் காஞ்சிபுரம்'. அன்று புயலில்லை, கடல் கொந்தளிக்கவில்லை. மனிதர் ஓட்டிய இரண்டு கப்பல்கள், மனிதர் வழிகாட்டும் துறைமுக வாசலில் மோதின.

துறைமுகத்தின் முதல் அறிக்கை, எண்ணெய் மாசு போன்ற கேடு ஒன்றும் நேரவில்லை என்று சொல்லிற்று. மறுநாள் எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் கறுப்புக் கூழ் வந்து அப்பியது. பிறகு அளவு ஒவ்வொன்றாக ஏறிற்று. கொஞ்சம் என்றார்கள், சில டன் என்றார்கள், கடைசியில் நூறு டன்னுக்கு மேல் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அது பங்குனி ஆமை முட்டையிடக் கரைக்கு வரும் பருவம். செத்த ஆமைகள் எண்ணெய் பூசிக்கொண்டு கரையேறின.

அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. எண்ணெயை உறிஞ்சக் கொண்டுவந்த இயந்திரங்கள் அந்தச் சேற்றை இழுக்கமாட்டாமல் நின்றன. கடைசியில் பிளாஸ்டிக் வாளிகள் வந்தன. கூலியாட்களும் மாணவர்களும் மீனவர்களும் வரிசையாக நின்று கையால் அள்ளினார்கள். பலருக்குக் கையுறைகூடச் சரியாக இல்லை. இந்தத் தேசம் செவ்வாய்க் கிரகத்துக்கு விண்கலம் அனுப்பி மூன்றேகால் வருஷம் ஆகியிருந்தது. செவ்வாய்க்குப் போகத் தெரிந்த அறிவு எண்ணூருக்கு வரவில்லையென்றால், அறிவு இல்லையென்று அர்த்தமா? எண்ணூரில் இருப்பவனுக்காக அதைச் செலவிட மனமில்லை என்றுதானே அர்த்தம்?

இத்தனைக்கும் எண்ணெய் கொட்டினால் யார் என்ன செய்ய வேண்டுமென்று 1996-லேயே தேசியத் திட்டம் ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. கடலில் பொறுப்பு கடலோரக் காவல்படைக்கு. துறைமுக எல்லைக்குள் பொறுப்பு துறைமுகத்துக்கு. திட்டம் காகிதத்தில் இருந்தது. எண்ணெய் கரையில் இருந்தது. நடுவில் வாளி இருந்தது.

எண்ணூரில் "மழைதான் காரணம்"

ஆறு வருஷம் கழித்து அதே எண்ணூரில் இரண்டாவது மந்திரம் சொல்லப்பட்டது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலால் சென்னை மிதந்தது. வெள்ளத்தோடு எண்ணெயும் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்துக்கு வந்தது. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம், எண்ணூர்க்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் எங்கும் வள்ளத்திலும் வலையிலும் வீட்டுச் சுவரிலும் எண்ணெய். கூழைக்கடாக்கள் கறுத்துப்போய்ப் பறக்கமாட்டாமல் நின்றன. முழங்கால் சேற்றில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்களுடைய பிழைப்பு போயிற்று.

மணலியிலுள்ள சென்னை பெட்ரோலியம் கம்பெனியின் சுத்திகரிப்பு வளாகத்திலிருந்து மழைநீரோடு எண்ணெய் வெளியேறியது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொல்லிற்று. குழாய் எதுவும் உடையவில்லை, இது முன்பின் காணாத வெள்ளம் என்று கம்பெனி சொல்லிற்று. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு விஷயத்தைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சர்க்கார், அதிகம் பாதிக்கப்பட்ட 2,301 குடும்பங்களுக்குத் தலைக்கு 12,500 ரூபாயும், 787 படகுகளுக்குப் படகொன்றுக்கு 10,000 ரூபாயும் அறிவித்தது.

"முன்பின் காணாத வெள்ளம்" என்ற வாதத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். மழை பெய்தது வாஸ்தவம். ஆனால் மழையில் எண்ணெய் இருக்கிறதா? மேகம் கடலிலிருந்து நீரை எடுக்கிறது. சுத்திகரிப்பு ஆலையிலிருந்து பர்னஸ் ஆயிலை எடுப்பதில்லை. சென்னையில் மார்கழிக்கு முன் பெருமழை பெய்யும் என்பது பஞ்சாங்கக்காரனுக்கும் தெரியும், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். 2015-லும் அந்த ஊர் மூழ்கியது. வருமென்று தெரிந்த மழைக்கு வழி செய்யாமல் இருப்பது மழையின் குற்றமாகுமா?

சட்டத்துக்குள் கடவுள்

தோழர்களே! கடவுள் செயல் என்ற வார்த்தையை ஏதோ ஏழை தன் துக்கத்தில் சொல்லிக்கொள்வது என்று நினைக்காதீர்கள். அது முதலாளிகளின் வக்கீல்கள் கோர்ட்டில் சொல்லும் வார்த்தை. சட்டப் புத்தகத்தில் அச்சடித்திருக்கும் வார்த்தை.

1868-ல் இங்கிலாந்தில், ஒருவன் தன் நிலத்தில் ஆபத்தான பொருளைச் சேர்த்துவைத்து அது தப்பி வெளியே போய்ப் பிறனுக்கு நஷ்டம் விளைத்தால், அஜாக்கிரதை இல்லாவிட்டாலும் அவனே பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. ரைலண்ட்ஸ் - பிளெட்சர் வழக்கு என்பது அதன் பெயர். நல்ல தீர்ப்பு. ஆனால் அதில் சில ஓட்டைகள் விடப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்று கடவுள் செயல். எட்டு வருஷத்துக்குள் அந்த ஓட்டை வழியாக ஒருவர் வெளியே வந்தார். அவர் தம் நிலத்தில் அலங்காரத்துக்காக ஓடையை மறித்து ஏரிகள் வெட்டியிருந்தார். பெருமழையில் கரை உடைந்து கீழே இருந்த பாலங்களை அடித்துக்கொண்டு போயிற்று. மழை கடவுள் செயல், ஆகவே அவர் பொறுப்பல்ல என்று தீர்ப்பாயிற்று. ஏரி வெட்டியது கடவுளா? அலங்காரத்தை அனுபவித்தது கடவுளா? லாபம் வரும்போது சொந்தக்காரன் மனிதன். நஷ்டம் வரும்போது சொந்தக்காரன் கடவுள். இப்படிப்பட்ட கூட்டு வியாபாரம் உலகத்தில் வேறெங்காவது உண்டா?

இந்த ஓட்டையை அடைத்தது நம் நாட்டுக் கோர்ட்டு என்பதைப் பெருமையோடு சொல்லலாம். 1984-ல் போபாலில் விஷவாயு ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. மறுவருஷம் டில்லியில் ஓர் ஆலையிலிருந்து அமிலவாயு கசிந்தது. அந்த வழக்கில் 1986 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, ஆபத்தான தொழிலை நடத்தி லாபமடைகிறவன் அதனால் வரும் கேட்டுக்கு முழுப் பொறுப்பாளி, இதற்கு எந்த விலக்கும் கிடையாது, கம்பெனி எவ்வளவு பெரிதோ அவ்வளவு நஷ்டஈடும் பெரிதாக இருக்க வேண்டும் என்று சொல்லிற்று. 2010-ம் வருஷத்துப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டமும், விபத்து விஷயத்தில் குற்றம் யாருடையது என்று நிரூபிக்கக் காத்திராமல் பொறுப்பைச் சுமத்தலாம் என்கிறது. ஆகவே இந்நாட்டு ஆபத்தான ஆலை எதுவும் மழையின்மேல் பழிபோட்டுத் தப்ப முடியாது என்பதே சட்டம். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆனால் கடலில் கப்பல்களுக்குள்ள சர்வதேச ஒப்பந்தத்தில் அந்த ஓட்டை இன்னும் இருக்கிறது. எண்ணெய்க் கப்பல் முதலாளியே பொறுப்பு என்று சொல்லும் 1992-ம் வருஷத்து ஒப்பந்தம், அசாதாரணமானதும் தவிர்க்கவும் தடுக்கவும் முடியாததுமான இயற்கை நிகழ்ச்சியால் எண்ணெய் கொட்டினால் அவன் பொறுப்பல்ல என்கிறது. அமெரிக்காவின் 1990-ம் வருஷத்துச் சட்டமோ "கடவுள் செயல்" என்ற வார்த்தையையே போட்டிருக்கிறது.

எண்ணெய் கொட்டுவது கடவுள் செயல்தானா என்பதற்கு ஒரு கணக்குச் சொல்லுகிறோம். 1970-களில் உலகத்தில் எண்ணெய்க் கப்பல்களிலிருந்து 7 டன்னுக்கு மேல் கொட்டிய சம்பவங்கள் வருஷத்துக்குச் சராசரி 80-க்கு அருகில் இருந்தன. 2010-களில் அது வருஷத்துக்கு 6 அளவுக்கு இறங்கிவிட்டது. கடவுள் மனம் மாறிவிட்டாரா? இல்லை. 1989-ல் அலாஸ்காவில் 'எக்ஸான் வால்டெஸ்' கப்பல் பாறையில் ஏறியபின், எண்ணெய்க் கப்பலுக்கு இரட்டை அடித்தளச் சுவர் வேண்டுமென்று சட்டம் போட்டார்கள். பரிசோதனை வந்தது, அபராதம் வந்தது, காப்பீட்டுக்காரன் கணக்குக் கேட்டான். விபத்துக் குறைந்தது. சட்டம் போட்டால் குறைகிற காரியம் மனிதனுடைய காரியமேயல்லாமல் வேறென்ன?

கப்பலுக்கு எந்த ஊர்?

நம் கரைக்கு எதிரே கொழும்பு இருக்கிறது. 2021 மே மாதம் அதன் வெளியே 'எக்ஸ்பிரஸ் பேர்ல்' என்ற சிங்கப்பூர்க் கொடிக் கப்பல் தீப்பிடித்து, ஜூனில் மூழ்கியது. முத்து என்று பெயர். உள்ளே நைட்ரிக் அமிலம், எண்ணெய், 1,600 டன்னுக்கு மேல் பிளாஸ்டிக் குருணை. அமிலப் பெட்டி ஒழுகுகிறது என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது. கத்தாரிலும் நம் குஜராத்து ஹசீராவிலும் அதை இறக்க இடம் கிடைக்கவில்லை. ஒழுகிக்கொண்டே அது வந்தது. செத்த ஆமைகள் நூற்றுக்கணக்கில் கரையொதுங்கின; மீன்பிடிப்பு தடை செய்யப்பட்டது. 2023-ல் லண்டன் கோர்ட்டு, கப்பலின் எடைக் கணக்குப்படி முதலாளியின் பொறுப்பு சுமார் 1 கோடியே 90 லட்சம் பவுன் என்று வரம்பு கட்டிற்று. நஷ்டத்தின் அளவுக்கல்ல, கப்பலின் எடைக்கு! இலங்கை சுப்ரீம் கோர்ட்டு 2025 ஜூலையில் 100 கோடி டாலர் கட்டும்படி தீர்ப்பளித்தது. கட்டப் போவதில்லை என்று அதே செப்டம்பரில் கப்பல் கம்பெனித் தலைவர் சொல்லிவிட்டார்.

2025 மே மாதம் கேரளக் கரைக்கு வெளியே 'எம்.எஸ்.சி. எல்சா 3' மூழ்கியது. அதில் 640 பெட்டிகள். 367 டன் பர்னஸ் ஆயில். அதன் பிளாஸ்டிக் குருணை நம் கன்னியாகுமரிக் கரை வரைக்கும் வந்தது. அந்தக் கப்பலின் கொடி லைபீரியாவினுடையது. லைபீரியா எங்கே இருக்கிறது? ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில். வரியும் சோதனையும் குறைவாக இருக்கும் தேசத்தின் கொடியைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்பது கப்பல் உலகத்து வழக்கம். மனிதனுக்குப் பிறந்த ஊரை மாற்ற முடியாது, கப்பலுக்கு முடியும். கேரள சர்க்கார் 9,531 கோடி ரூபாய் கேட்டு ஹைக்கோர்ட்டுக்குப் போயிற்று. கோர்ட்டு அதே கம்பெனியின் வேறொரு கப்பலைப் பிடித்து வைத்து, 1,227 கோடிக்கு மேல் ஈடு கட்டச் சொல்லிற்று. கரையிலிருந்த மீனவக் குடும்பத்துக்கு உடனே கிடைத்தது 1,000 ரூபாயும் 6 கிலோ அரிசியும். கோர்ட்டில் கோடிகள், குடிசையில் ஆறு கிலோ.

நம்மிடம் இருப்பது என்ன?

நம் மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள் 1986-ல் கடல் தேசியப் பூங்காவாக்கப்பட்டன. பவளப்பாறை, கடற்புல், அந்தப் புல்லைத் தின்னும் கடற்பசு, சங்கு, சிப்பி எல்லாம் அங்கே ஆழமில்லாத நீரில் இருக்கின்றன. இங்கே எண்ணெய் வந்தால் மருந்து தெளிக்கவும் முடியாது, சும்மா விடவும் முடியாது. கச்சான் அடிக்கும் காலத்தில் நீரோட்டம் ஒரு பக்கம், வாடைக் காலத்தில் மறுபக்கம். எங்கே கொட்டினாலும் ஏதாவதொரு பருவத்தில் நம் கரைக்கு வழி உண்டு.

தூத்துக்குடியில் கடைசி முத்துச் சலாபம் 1961-ல் முடிந்தது. முத்து போனதற்கு எண்ணெய் காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் முத்துச்சிப்பியின் குஞ்சு, பாரில் ஒட்டிக்கொள்ளுமுன் ஏறத்தாழ மூன்று வாரம் நீரில் மிதந்து திரிகிறது. அந்த மூன்று வாரத்தில் மேலே ஓர் எண்ணெய்ப் படலம் வந்தால், மிச்சமிருக்கும் பாரிலும் சிப்பி என்ற பேச்சே இராது. அளக்காரர்களே! உங்கள் வாய்க்காலுக்குள் வருவதும் அதே கடல் நீர்தான். எண்ணெய் நாற்றமடிக்கும் உப்பை எவன் வாங்குவான்?

"அப்படியானால் துறைமுகத்தை மூடச் சொல்கிறீர்களா? ஆலையை இடிக்கச் சொல்கிறீர்களா?" என்று சிலர் கேட்பார்கள். இல்லை. இது வ. உ. சிதம்பரனார் 1906-ல் வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கப்பல் விட்ட ஊர். கப்பலும் வேண்டும், எண்ணெயும் வேண்டும், வேலையும் வேண்டும். கப்பலால் வரும் லாபம் யாருக்கோ, கப்பலால் வரும் நஷ்டமும் அவருக்கே என்பதுதான் நம் கேள்வி. நெருப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அடுத்தவன் கூரையில் வைக்காதே என்கிறோம்.

செய்ய வேண்டியது

கடற்கரைக்குப் போய்த் தேங்காய் உடைத்தாலும் மெழுகுவத்தி ஏற்றினாலும் துஆ செய்தாலும் எண்ணெய் திரும்பிப் போகாது. தலையெழுத்து என்று உட்கார்ந்திருப்பது கம்பெனியின் வக்கீலுக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்வதாகும். ஆகவே சில காரியங்களைச் சொல்லுகிறோம்.

முதலாவது, கணக்கு. தினமும் எத்தனை கிலோ மீன், என்ன விலை என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். நஷ்டஈடு கேட்கும்போது, முன்பு எவ்வளவு வந்தது என்பதற்கு அத்தாட்சி கேட்பார்கள். படகு உள்ளவனுக்குப் பதிவு இருக்கிறது. கூடை சுமந்து மீன் விற்கும் தாய்க்கு என்ன இருக்கிறது? வலை பின்னுகிறவனுக்கு, கருவாடு காயவைக்கிறவளுக்கு, அளத்துக் கூலிக்கு என்ன இருக்கிறது? பட்டியலில் பெயரில்லாதவர் நஷ்டப்பட்டவராக எண்ணப்படுவதில்லை. இப்போதே ஒவ்வோர் ஊரிலும் சங்கம் ஒரு பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும்.

இரண்டாவது, சாட்சி. எண்ணெய் கரைக்கு வந்தால் முதல் நாளே சுத்தமான கண்ணாடிப் புட்டியில் எடுத்து, தேதி, இடம், சாட்சிகளின் பெயர் எழுதி முத்திரையிட்டு வையுங்கள். படம் பிடியுங்கள். எந்தக் கப்பலின் எண்ணெய், எந்த ஆலையின் எண்ணெய் என்று பரிசோதனைச் சாலையில் ஒப்பிட்டுச் சொல்ல முடியும். அப்புறம் "ஒன்றுமில்லை" என்று எவரும் சொல்ல முடியாது.

மூன்றாவது, உடம்பு. கையுறை, முழங்கால் செருப்பு, முகமூடி இல்லாமல் எவரும் எண்ணெயில் இறங்கக் கூடாது. கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கரைக்கு விடக்கூடாது. உபகரணமும் கூலியும் கொடுத்தால் இறங்குவோம் என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எண்ணெய் நம்முடையதல்ல.

நான்காவது, கேள்வி. 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டித் துறைமுகத்தைக் கேட்கலாம்: உங்கள் எண்ணெய்த் தடுப்புத் திட்டம் என்ன, மிதவைத் தடுப்பு எத்தனை மீட்டர் இருக்கிறது, கடைசியாக ஒத்திகை எப்போது நடந்தது, அதில் மீனவர் யாராவது இருந்தார்களா? பதிலைத் தமிழில் கேளுங்கள். ஊர்க் கூட்டத்தில் படியுங்கள்.

ஐந்தாவது, கெடு. பசுமைத் தீர்ப்பாயத்தில் நஷ்டஈட்டுக்கு ஐந்து வருஷத்துக்குள் போக வேண்டும். எண்ணெய்க் கப்பல் ஒப்பந்தப்படி, நஷ்டம் நேர்ந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போடாவிட்டால் உரிமையே போய்விடும். அழுதுகொண்டிருக்கும்போதே கெடு ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

தோழர்களே! சுறாவைக் கட்டியதாகச் சொன்ன காலத்திலும் சுறா இருந்தது. எண்ணெய் கசியவில்லை என்று சொல்லும் காலத்திலும் எண்ணெய் இருக்கிறது. ஆலைத் தொழிலாளியும் அளத்துத் தொழிலாளியும் கடல் தொழிலாளியும் தனித்தனியே நின்றால், ஒவ்வொருவனிடமும் ஒவ்வொரு மந்திரம் சொல்லி அனுப்பிவிடுவார்கள். சேர்ந்து நின்று கணக்குக் கேட்டால் மந்திரத்துக்கு வேலையிராது.

நாம் சொன்னதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். சட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். எண்ணூருக்குப் போய் அந்த மக்களை விசாரியுங்கள். உங்கள் சொந்த அறிவைக்கொண்டு ஆராய்ந்து, சரியென்று பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன்படி நடவுங்கள் என்று கேட்டுக்கொண்டு எங்கள் பேச்சை முடித்துக்கொள்ளுகிறோம்.